காண்டால்ஃபும் கோல்லமும் ஒரே தொண்டையில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை ஆண்டி செர்கிஸ் ஒரு வரி விடாமல் படித்திருக்கும் ஒலிநூல் இது. 2021-இல் வந்தது. மூன்று பாகம், மூன்றையும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும், சேர்த்துக் கேட்டால் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற வருகிற நேரத்தில் கேட்டு, அது போதாமல் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்டு, இரண்டு மாதத்தில் முடித்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டு ‘சூப்பர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம்தான். ஆனால் புத்தகத்தை இரண்டு தடவை படித்தும், படங்களை எத்தனையோ தடவை பார்த்தும் பிடிபடாத ஒன்று காதில் விழுந்தபோது பிடிபட்டது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

செர்கிஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு: 2002, 2003-இல் வந்த படங்களில் கோல்லமாக நடித்தவர் அவர்தான். (இந்தப் பெயரைத் தமிழில் எழுதுவதே ஒரு அவஸ்தை. ஒரு மாதிரி எழுதினால் வாசலில் போடும் கோலம், இன்னொரு மாதிரி எழுதினால் கேரளத்து ஊர், இன்னும் கொஞ்சம் மாற்றினால் ‘கொல்லும்’. கோல்லம் என்றே வைத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கதையின் மையமான தீய மோதிரத்தை ஐந்நூறு வருஷம் வைத்திருந்து, அது தின்றது போக மிச்சம் இருக்கும் எலும்பும் தோலுமான ஜந்து. அந்த ஜந்துவின் தொண்டையை வைத்துக்கொண்டே இவர் மந்திரவாதிக் கிழவர் காண்டால்ஃபையும் பேசுகிறார். அவனைக் கொல்ல வேண்டாம் என்று சொல்கிற கிழவரும், அப்படிக் கொல்லப்படாமல் பிழைத்துத் திரிகிறவனும் ஒரே ஆளின் வாயிலிருந்து வருகிறார்கள். பதிப்பாளர்கள் இதை யோசித்துத்தான் செய்தார்களா, இல்லை ‘கோல்லம் நடிகர் படிக்கிறார்’ என்றால் விற்கும் என்று செய்தார்களா, எனக்குக் கவலையில்லை. பலன் கேட்பவனுக்கு.

முதலில் காண்டால்ஃப். வெள்ளைத் தாடி, கூர்த் தொப்பி, கையில் கோல், எல்லாம் தெரிந்த மந்திரவாதிக் குரு என்று நம் எல்லோர் மனசிலும் ஒரு படம் இருக்கிறது. இவருக்குப் பின்னால் வந்த மாயக்கதை குருமார்களில் பாதிப்பேர் அந்தப் படத்தின் ஜெராக்ஸ். ஆனால் கதை தொடங்கும்போது ஹாபிட்கள் என்கிற அரையாள் உயர மக்களின் ஊரில் அவருக்கு என்ன மரியாதை தெரியுமா? வாணவேடிக்கைக் கிழவர். அவ்வளவுதான். பில்போ என்ற ஹாபிட்டின் 111-ஆவது பிறந்தநாளுக்கு வண்டி நிறையப் பட்டாசோடு வருகிறார், சின்னப்பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறார்கள், பெரியவர்கள் ஊருக்கு வந்த வித்தைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அவர் திருத்துவதில்லை. நான் யார் தெரியுமா என்று ஒரு வார்த்தை கிடையாது. நமக்கு முட்டாள் குரு என்றதும் பரமார்த்த குருதான் நினைவுக்கு வருவார், ஆற்றுக்குத் தூக்கம் கலையாமல் கடக்கப் பார்த்த கோஷ்டி. அங்கே சிரிப்பு குருவின் மேல். இங்கே ஊர் சிரிக்கிறது, கிழவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார், அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டு ஒரு வேலை நடக்கிறது.

செர்கிஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். படத்தில் காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லனின் சாயல் குரலில் இருக்கிறது, மறுக்க முடியாது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை. முணுமுணுப்பு, அதட்டல், பேச்சின் நடுவே யோசனை, கிழவர் ஒரு தாத்தா போல வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறார்.

இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். பிறந்தநாள் முடிந்து 17 வருஷம் கழித்து காண்டால்ஃப் திரும்பி வந்து, கோல்லத்திடமிருந்து பில்போ கைக்கு வந்து அவர் விட்டுப்போன மோதிரம், இருளரசன் சௌரான் செய்த அதிகார மோதிரம்தான் என்பதைப் பில்போவின் வாரிசான ஃப்ரோடோவுக்குச் சொல்கிறார். பயந்துபோன ஃப்ரோடோ, அன்றைக்கே அந்தக் கோல்லத்தைக் குத்திப் போட்டிருக்கலாமே, வாய்ப்பு இருந்தும் பில்போ விட்டுவிட்டாரே என்கிறான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை அவன் ‘அடடா, தப்பாப்போச்சே’ என்ற பொருளில் சொல்ல, கிழவர் அதே சொல்லைப் பிடித்து ‘இரக்கம்’ என்று திருப்பிக் கொடுக்கிறார், அந்த இரக்கம்தானே பில்போவின் கையைப் பிடித்தது என்று. இதை எப்படித் தமிழாக்குவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பரிதாபம், இரக்கம், கருணை, எதுவும் ஒட்டவில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது, நம்மிடம் ‘பாவம்’ இருக்கிறதே! கொன்றால் பாவம். விட்டுடு, பாவம். செய்யக்கூடாததற்கும் அதே சொல், செய்யவிடாமல் தடுக்கிற மனசுக்கும் அதே சொல். அவர்கள் ஒரு பக்கம் வசனம் எழுதிச் சாதித்ததை நாம் தினமும் காய்கறிக்காரரிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்தது கருணை உபதேசம் இல்லை. கிழவர் ‘எனக்குத் தெரியாது’ என்பதுதான். மகா ஞானிகளாலும் எல்லா முடிவையும் பார்த்துவிட முடியாது, அதனால் ஒருவனுக்குச் சாவைப் பங்கு வைத்துக் கொடுக்க அவசரப்படாதே என்பது அவர் சொல்வதன் சாரம். அவன் திருந்துவான் என்று அவர் உத்தரவாதம் தரவில்லை. திருந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றே சொல்கிறார். அவனுக்கு இன்னும் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது என்று நெஞ்சில் தோன்றுகிறதாம். நம்ம ஊர் மேனேஜர்களிடம் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், இவரைக் கருணைக்கடல் என்று தூக்கி வைத்துக்கொண்டாடவும் முடியாது. அதே அத்தியாயத்தில், கோல்லத்திடமிருந்து உண்மையைக் கறக்க நெருப்பைக் காட்டி மிரட்டினேன் என்று தானே ஒத்துக்கொள்கிறார். பயத்தில் ஃப்ரோடோ மோதிரத்தை இவரிடமே நீட்டும்போது இவர் பதறுகிற பதற்றத்தைக் கேட்க வேண்டும். படிக்கும்போது வேகமாகக் கடந்துபோன இடம் இது. இது என் நெஞ்சுக்குள் வருகிற வழியே இரக்கம்தான் என்கிறார், எளியவர்கள் மேல் உள்ள இரக்கம், நல்லது செய்யப் பலம் வேண்டும் என்ற ஆசை, அந்தக் கதவு வழியாகத்தான் என்னைப் பிடிக்கும் என்கிறார். தன் நல்ல குணம் எந்த இடத்தில் அழுகும் என்று ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. செர்கிஸ் அந்த வரிகளைக் கிட்டத்தட்ட மூச்சில் சொல்கிறார், ஏசியின் இரைச்சலில் முதல் தடவை விழவே இல்லை, பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன்.

இங்கேயே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கிசுகிசுக்கும் இடத்துக்கும் கத்தும் இடத்துக்கும் சத்த வித்தியாசம் அதிகம். பஸ்ஸில் கேட்கிறவர்கள் நல்ல இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கிசுகிசுப்புக்காக ஏற்றி வைத்த வால்யூமில் ஓர்க் என்கிற அரக்கர் கூட்டம் வந்து காதைப் பிய்த்துவிடும். நான் கேட்ட செயலி வேறு இரண்டு தடவை விட்ட இடத்தை மறந்து முதல் அத்தியாயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது, 62 அத்தியாயத்தில் நாம் எங்கே இருந்தோம் என்று தேடுவது வேடிக்கையான வேலை இல்லை. அதைப் படித்தவர் தலையில் போட முடியாது. 1.5 வேகத்தில் மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

எல்ரோண்டின் சபை (மோதிரத்தை என்ன செய்வது என்று எல்ஃப் இனத் தலைவர் எல்ரோண்ட் வீட்டில் கூடுகிற கூட்டம்) அத்தியாயம் நீளமானது, புத்தகத்தில் பலரும் கொட்டாவி விடுகிற இடம். ஒலியில் அதுதான் விருந்து. ஆளுக்கொரு குரல், ஆளுக்கொரு உச்சரிப்பு, ஒரு பஞ்சாயத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. அங்கேதான் சாருமானின் கதையைக் காண்டால்ஃப் சொல்கிறார். சாருமான் யார்? மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவர், வெள்ளை அங்கி, படிப்பு, ஆராய்ச்சி, மோதிர சாஸ்திரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய கூட்டாளிகளில் ஒருவர் ராடகாஸ்ட், பறவைகளோடும் மிருகங்களோடும் இருப்பவர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வெள்ளந்தி, அதனால் வெள்ளை அங்கியையும் நம்பிவிட்டார். சாருமான் அவரைத் தூதாக அனுப்பிக் காண்டால்ஃபைக் கோபுரத்துக்கு வரவைத்து அடைத்துவிடுகிறார். அடைத்துவிட்டு, அந்த ராடகாஸ்டை முட்டாள், குருவி பழக்குகிறவன் என்று வாய்க்கு வந்தபடி ஏளனம் செய்கிறார்.

ஆனால் நடந்தது என்ன? காண்டால்ஃப் கிளம்பும் முன் ராடகாஸ்டிடம் ஒரு உதவி கேட்டிருந்தார், உன் பறவைகளிடம் சொல்லி, கிடைக்கிற செய்தியை அந்தக் கோபுரத்துக்கு அனுப்பச் சொல் என்று. ராடகாஸ்ட் சூது தெரியாதவர், சொன்னதைச் செய்தார். செய்தி கொண்டு வந்த கழுகுதான் கோபுர உச்சியில் கிடந்த கிழவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கெட்டிக்காரர் போட்ட பூட்டை அசட்டின் நாணயம் திறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது காண்டால்ஃபின் குரலில் ராடகாஸ்ட் மேல் கோபமே இல்லை, ஒரு செல்லம் இருக்கிறது. (அப்புறம் ராடகாஸ்ட் கதையில் வருவதே இல்லை. ஆள் அனுப்பித் தேடுகிறார்கள், வீட்டில் இல்லை, அவ்வளவுதான். டோல்கீன் மேல் எனக்குள்ள பழைய வருத்தம்.)

இந்தச் சபையில்தான் மோதிரத்தை எதிரியின் மண்ணுக்கே கொண்டுபோய் எரிமலையில் போடுவது என்று முடிவாகிறது. எல்ரோண்டின் அறிவு தடுக்காவிட்டால் இதை முட்டாள்தனம் என்றே சொல்வேன் என்கிறார் சபையில் ஒருவர். சரி, முட்டாள்தனமே நமக்குப் போர்வையாக இருக்கட்டும் என்கிறார் காண்டால்ஃப். சௌரான் கெட்டிக்காரன், எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்ப்பவன், ஆனால் அவனிடம் இருப்பது ஒரே ஒரு எடைக்கல், அதிகார ஆசை. கையில் கிடைத்த அதிகாரத்தை எவனாவது அழிக்கப் பார்ப்பான் என்று அவன் தராசில் விழவே விழாது. நம் வீடுகளில் சிலரைப் ‘பிழைக்கத் தெரியாத மனுஷன்’ என்போமே, பதவி வந்தும் வேண்டாம் என்றவர், வட்டியைத் தள்ளிவிட்டு அசலை மட்டும் வாங்கிக்கொண்டவர். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் இவர் போர்த்தந்திரம் வகுக்கிறார். மோதிரத்தோடு போகிற ஒன்பது பேரில் ஃப்ரோடோவின் நண்பர்கள் மெர்ரியும் பிப்பினும் சின்னப் பையன்கள், அவர்களை அனுப்ப எல்ரோண்டுக்கு மனசில்லை. பெரிய அறிவை நம்புவதைவிட இவர்களின் நட்பை நம்புவோம் என்று காண்டால்ஃப்தான் சேர்த்துவிடுகிறார்.

ஆனால் வெறும் வெகுளித்தனம் இருந்தால் போதும் என்றும் கதை சொல்லவில்லை. டாம் பாம்படில் என்று ஒருவர் காட்டில் பாடிக்கொண்டே திரிகிறார், மஞ்சள் பூட்ஸ், நீலக் கோட்டு, மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது. அவரிடமே கொடுத்து வைக்கலாமே என்று சபையில் யோசனை வருகிறது. வேண்டாம், எங்காவது மறந்து போட்டுவிடுவார், அவர் மனசில் இதெல்லாம் நிற்காது என்கிறார் காண்டால்ஃப். கவலையே இல்லாத அசட்டுத்தனம் ஒருவகை, கவலைப்பட்டுத் தேய்ந்துபோய் அப்புறமும் அசடாக இருப்பது வேறுவகை. பாம்படில் வரும் அத்தியாயங்களைச் செர்கிஸ் பாடித் தள்ளுகிறார். எனக்கு அலுத்தது. என்னோடு பஸ்ஸில் வரும் நண்பருக்கு அதுதான் உயிர்.

சபையில் ஒரு சிரிப்பும் உண்டு. பிடித்து வைத்திருந்த கோல்லம் தப்பிவிட்டான் என்று எல்ஃப் இனத்து லெகோலாஸ் வந்து சொல்கிறான். ஏன் தப்பினான்? அவன் குணமாவான் என்று நம்பச் சொன்னீர்கள், அதனால் பாதாளத்தில் அடைக்க மனசு வராமல் பகலில் வெளியே விட்டோம், மரம் ஏறுவான், ஒரு நாள் இறங்கவில்லை. உடனே குள்ளர் குளோயின், என்னைப் பிடித்து வைத்தபோது இவ்வளவு கனிவு இல்லையே என்று குத்துகிறார். செர்கிஸ் அதைச் சொல்லும்போது பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

மோரியா. இங்கே கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு இந்த ஒலிநூலே இந்த இடம்தான். மலைக்குள் போகும் கதவு மூடியிருக்கிறது, மேலே ‘நண்பா, சொல், உள்ளே வா’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. எந்தப் பாஷையிலும் உள்ள எல்லாத் திறவு மந்திரமும் ஒருகாலத்தில் எனக்கு அத்துப்படி என்று சொல்லிவிட்டு, கிழவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். திறக்கவில்லை. கோலால் தட்டுகிறார், கத்துகிறார், கோலைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கடைசியில் பார்த்தால் ‘நண்பன்’ என்ற சொல்லைச் சொன்னாலே போதும். படித்த முட்டாள் என்று நாம் சொல்வோமே, அது. மெர்ரி முன்னாலேயே அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தான், அவன்தான் சரியான தடத்தில் போனான் என்று கிழவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார். படத்தில் இந்தப் பெருமையை ஃப்ரோடோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் கிழவர் தானே அவிழ்க்கிறார், அவிழ்த்ததும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வேண்டும்.

உள்ளே போனதும் பிப்பின் ஒரு கிணற்றைப் பார்க்கிறான், சும்மா இருக்க முடியாமல் ஒரு கல்லைப் போடுகிறான். ரொம்ப நேரம் கழித்து ‘ளொடக்’ என்று சத்தம், அப்புறம் ஆழத்தில் சுத்தியல் தட்டுவதுபோல ஏதோ. காண்டால்ஃப் எரிந்து விழுகிறார், முட்டாளே, அடுத்த தடவை நீயே குதித்துவிடு, தொல்லை விட்டது என்று. தண்டனையாக முதல் காவல் அவனுக்கு. படங்களிலும் இந்தத் திட்டு வேறொரு இடத்தில் வருகிறது, எல்லோருக்கும் தெரியும். படத்தில் இல்லாதது அடுத்து வருவது. பிப்பின் கும்மிருட்டில் கதவருகே உட்கார்ந்து, கிணற்றிலிருந்து ஏதாவது ஏறி வருமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துக் கிழவர் எழுந்து வந்து, போ, மூலையில் படுத்துத் தூங்கு, எனக்குத் தூக்கம் வரவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். திட்டினதற்கு மன்னிப்பும் இல்லை, புத்திமதியும் இல்லை. தூக்கம் வராததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, புகை பிடித்து நாளாகிவிட்டது என்று முனகிக்கொள்கிறார். பிப்பின் கண் மூடும் முன் கடைசியாகப் பார்ப்பது, கிழவர் தரையில் குந்தி, முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் குவித்து நெருப்புத் துண்டைப் பொத்திப் பிடித்திருப்பது.

செர்கிஸ் இங்கே குரலை மாற்றுகிற விதம் அப்படியே என் முதல் வேலையை ஞாபகப்படுத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தப்பான சர்வரில் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன். மேலே இருந்தவர் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். இரவு பதினொன்றரைக்கு இரண்டு பரோட்டா பொட்டலத்தோடு வந்து, நீ கிளம்பு, கடைசி பஸ் போயிடும், எனக்கும் வீட்டில் வேலையில்லை என்றார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது பிறகுதான் தெரியும்.

இரண்டாம் பாகத்தில் ‘சாருமானின் குரல்’ என்றே ஒரு அத்தியாயம் உண்டு. காகிதத்தில் ‘இனிமையான குரல்’ என்று படித்துவிட்டுப் போகலாம், ஒலிநூலில் அதை யாராவது நிஜமாகவே பேசிக் காட்ட வேண்டுமே! செர்கிஸ் கத்தவில்லை, வில்லத்தனம் பண்ணவில்லை. நியாயமாகப் பேசுகிறார். தோற்றுப்போனவர் மாடியில் நின்று பேசப் பேச, ஜெயித்தவர்களுக்கே நாம்தான் தப்பு செய்துவிட்டோமோ என்று இருக்கிறது. கடைசியில் காண்டால்ஃபைப் பார்த்து, நாம் இரண்டு பேரும் பெரியவர்கள், மேலே வா, இவர்களுக்கு நம் பேச்சு புரியாது என்கிறார். கீழே நிற்கிறவர்களுக்குக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகிறது, கிழவர் போய்விடுவார் என்றே நினைக்கிறார்கள். காண்டால்ஃப் சிரிக்கிறார். பதில் வாதம் இல்லை, மந்திரம் இல்லை. அந்தச் சிரிப்பில் மயக்கம் புகையாய்க் கலைகிறது. அப்புறம்தான் முக்கியமானது: சிரித்தவர் அதோடு விடாமல், கீழே இறங்கி வா, உன்னை விட்டுவிடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் போ என்று கை நீட்டுகிறார். தன்னைக் கோபுர உச்சியில் கிடத்தியவனிடம்! அது ஏற்கப்படாது என்று அவருக்கே தெரியும்போலத்தான் இருக்கிறது. கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் பாகத்தில் கோண்டோர் நாட்டை ஆளும் டெனெதோரின் பகுதியை வேகமாகத் தாண்டுகிறேன். அவரும் பெரிய அறிவாளி, கிழவரை நரைத்த முட்டாள் என்பவர், அறிவு அவரைச் சிதையில் கொண்டுபோய் ஏற்றுகிறது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் இருக்கிறது, இரண்டாம் பாகத்தின் முடிவை நெருங்கும் இடம், எதிரியின் நாட்டுக்குள் ஏறும் கிரித் உங்கோல் படிக்கட்டு. ஃப்ரோடோவும் அவனோடு வந்த தோட்டக்காரன் சாமும் களைத்துத் தூங்குகிறார்கள், ஃப்ரோடோவின் தலை சாமின் மடியில். அவர்களைச் சிலந்திக்கு இரையாக்க ஏற்பாடு செய்துவிட்டு, வழிகாட்டியாகக் கூட வந்த கோல்லம் திரும்பி வருகிறான். வந்தவன் நின்று பார்க்கிறான். ஏதோ உள்ளுக்குள் சண்டை போடுகிறது. கை நடுங்க ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், ரொம்ப மெதுவாக. அந்த ஒரு கணம் யாராவது பார்த்திருந்தால் அங்கே ஜந்து தெரிந்திருக்காது, உறவும் நட்பும் செத்துப்போய்த் தனியாக மிஞ்சிய ஒரு வயசான ஹாபிட்தான் தெரிந்திருப்பான். அப்போது ஃப்ரோடோ தூக்கத்தில் முனக, சாம் விழித்து, என்னடா பண்றே திருட்டுப்பயலே என்ற தோரணையில் சீறிவிடுகிறான். கணம் போயிற்று. டோல்கீனே தன் கடிதமொன்றில் கதையின் மிகத் துயரமான இடமாக இதைத்தான் சுட்டுகிறார். தொடுகிற இடத்தில் கோல்லத்துக்கு வசனமே கிடையாது, எல்லாம் கதைசொல்லியின் வரிகள். ஆனால் கதைசொல்லிக்கும் கோல்லத்துக்கும் ஒரே தொண்டை என்பதால் என் காதில் அவனே தன்னைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் கிழவர் எதற்காக அப்படிக் கெஞ்சினார் என்று அங்கேதான் கேட்டது.

இதைப் பஸ்ஸில் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில், ஃபோன் ஸ்பீக்கரில், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவர் ஒரு பக்கம் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். சாமிடம் திட்டு வாங்கிய கோல்லம், உங்களுக்கு வழி காட்ட அலைந்து திரிந்தேனே என்று புலம்புகிற இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, “யாருடா அது, தொண்டை கட்டினவன் மாதிரி? பாவம், என்னவாம் அவனுக்கு?” என்றார். கதையைச் சுருக்கிச் சொன்னேன். அவன் கொலைகாரன், இப்போதும் துரோகம் செய்யத்தான் வந்திருக்கிறான் என்றேன். “அதுக்காக?” என்றார்.

கருணை காட்டினால் எல்லாம் சுபம் என்று இந்தக் கதை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதையும் கூண்டில் அடைத்து வைக்கப் பொறுக்காமல் மரக்கிழவர் ட்ரீபியர்ட் தன் காவலில் இருந்த சாருமானை வெளியே விட்டுவிடுகிறார். அவன் நேராகப் போய் ஹாபிட்களின் ஊரை நாசம் செய்கிறான், மரங்கள் போகின்றன, உயிர்கள் போகின்றன. படங்களில் இந்தப் பகுதியே இல்லை, பல பேருக்கு இப்படியொரு முடிவு இருப்பதே தெரியாது. கடைசியில் பிடிபட்ட சாருமான் ஃப்ரோடோவைக் கத்தியால் குத்துகிறான், உள்ளே போட்டிருந்த கவசத்தால் தப்பித்த ஃப்ரோடோ, கொல்லாதீர்கள், போகட்டும் விடுங்கள் என்கிறான். முதல் பாகத்தில் கோல்லத்தைக் குத்தியிருக்கலாமே என்ற அதே பையன். காண்டால்ஃப் அப்போது பக்கத்தில் இல்லை. இனிமேல் நான் உங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, அரட்டை அடிக்கப் பாம்படில் வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிக்கப்பட்ட சாருமான் ஃப்ரோடோவைப் பார்க்கிற பார்வையும், நீ வளர்ந்துவிட்டாய் என்று வெறுப்போடு மரியாதையைக் கலந்து துப்புகிற வரியும் இருக்கிறதே, அதற்காகவே மூன்றாம் பாகத்தை வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் சில விஷயம். ராப் இங்லிஸ் படித்த 1990-ஆம் வருஷத்துப் பதிப்பும் கிடைக்கிறது. அது பெரியவர் ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல நிதானமாக இருக்கும், நடிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு அது பொருந்தும். ஆங்கிலம் பழக்கம் குறைவு என்றால் கையில் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர்கள் மழைபோலக் கொட்டும். சந்தேகம் இருந்தால் முதல் பாகத்தை மட்டும் வாங்கி, இரண்டாம் அத்தியாயம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிடித்துப்போனால் ‘சில்மரில்லியன்’ நூலையும் இவர் படித்திருக்கிறார், 2023-இல் வந்தது. காண்டால்ஃப் இந்தக் கதைக்கு முந்திய காலத்தில் யாரிடம் பாடம் கற்றார் என்று அதில் ஒரு வரி வருகிறது. போர்க்கடவுளிடம் இல்லை, வித்தைக் கடவுளிடமும் இல்லை. உலகத்தின் காயங்களுக்காக அழுதுகொண்டே இருக்கும் நியென்னா என்ற தேவதையிடம் இரக்கமும் பொறுமையும் கற்றுக்கொண்டாராம். அடுத்து வாங்கப் போவது அதுதான்.

மூன்றாம் பாகம் முடித்த அன்றைக்கு அம்மா ஞாபகமாகக் கேட்டார், “அந்தத் தொண்டை கட்டினவன் என்ன ஆனான்?” எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவே மோதிரத்தை விட மனசில்லாமல் நின்றுவிட்டதையும், இவன் விரலோடு கடித்துப் பிடுங்கிக்கொண்டு சந்தோஷத்தில் குதித்ததையும் சொன்னேன். விழுந்துட்டான் என்றேன்.

“யாரும் தள்ளலியே?”

“இல்லம்மா. கால் தவறி அவனாத்தான் விழுந்தான்.”

“சரி” என்று சொல்லிவிட்டு வெங்காயத் தோலைக் கொட்ட எழுந்து போனார்.